காளான் கட்டைக்கு மரம் வெட்டும் நேரம்

மலைப்பாதையில் காளான் விற்கும் அந்தச் சீன அம்மாவிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “இந்தக் கட்டைகளை எந்த மாதத்தில் வெட்டுவீர்கள்?”

அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை ஊதி விரித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். பிறகு மலாய் மொழியில் “தாக் தாவு லா” என்றார். தெரியாது என்கிறார். பல வருடங்களாக அதையே தொழிலாகச் செய்கிறவர்.

சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்கு ஏறும்போது, காரின் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் குளிர் படத் தொடங்கும் இடத்தில் அவருடைய கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் கறுப்பு வலைக்கூரை. அதன் அடியில் மூன்றடி நீளக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்திருந்தார். கட்டைகளின் தோலைப் பிளந்துகொண்டு பழுப்புத் தொப்பிகளாக ஷிடாக்கே காளான்கள் வந்திருந்தன. ஓக் மரக் கட்டைகள். மலாய்க்காரர்கள் அந்த மரத்தை மெம்பெனிங் என்பார்கள். அவருடைய சொந்த நிலத்துச் சரிவிலேயே வளர்கிற மரம்.

தெரியாது என்று சொன்னவர், காளான்களை நிறுக்கும்போது தானாகவே பேசத் தொடங்கினார். குளிர் நாட்டுப் பண்ணையில் வேலை செய்த அவருடைய தம்பி சொல்லிக் கொடுத்தாராம். இலை மஞ்சளாகி உதிர்ந்த பிறகு, புது மொட்டு வீங்குவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். அப்போது மரம் தன் சாப்பாட்டையெல்லாம் கட்டைக்குள் சேர்த்து வைத்திருக்கும். தோலும் கட்டையை இறுகப் பிடித்திருக்கும். தோல் கழன்றுபோனால் காளான் வராது.

“ஆனால் என் மரம் எங்கே இலை உதிர்க்கிறது? வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கிறது. அறுக்க ஆள் கிடைக்கும் நாளில் வெட்டுகிறேன். சில கட்டை மூன்று வருடம் காய்க்கும். சில கட்டை முதல் வருடமே மக்கிப்போகும். என் ராசி அப்படி” என்றார்.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். கேள்வி கேட்பது ஆசிரியர்களின் வேலை. பதில் வந்து முடிந்த சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது என் வேலை. இருபது வருடமாக இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை இருந்ததில்லை. அன்று மலையிலிருந்து இறங்கி வரும்போது மட்டும் ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்தது. பனி இல்லாத ஊரில் ஒரு மரம் எப்போது ஓய்வெடுக்கிறது?

புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதுதான் உறைத்தது. ரப்பர் மரம் இருக்கிறதே! வருடத்துக்கு ஒரு முறை மொத்த இலையையும் கொட்டிவிட்டு எலும்புக்கூடாக நிற்கிற மரம். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு அது நினைவுக்கு வர அத்தனை நேரமாயிற்று.

என் அண்ணன் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறார். பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கும் குத்தகைக் கும்பலில் செயின்சா பிடிப்பவர். சித்தியவான் போகும் வழியில், முன்பு பெரிய தோட்டமாக இருந்த இடத்தில் ஒரு துண்டு நிலத்தை அப்போது வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப்பனை நடுவதற்காக. நான் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரே மரம் அண்ணே. அதுலேருந்து மூணு கிளை. இலை கொட்டுறதுக்கு முன்ன ஒண்ணு, மொட்டையா நிக்கறப்ப ஒண்ணு, புது எலை விட்டதும் ஒண்ணு. மூணுலயும் காளான் வெத போட்டுப் பாக்கலாம்.”

“காளான் பாசார்ல கிடைக்குது லா. வாங்கித் தின்னுட்டுப் போ.”

“திங்கறதுக்கு இல்ல. எப்ப வெட்டினா நல்லதுன்னு பாக்கணும்.”

“எப்ப வெட்டினா என்ன? மரம் மரந்தான்.” செயின்சா சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப ஒரு மரத்த ரெண்டு மாசம் நான் விட்டு வெக்கணும்ங்கற?”

“ஆமா.”

“மண்டோர் கேட்டா என்னத்த சொல்றது?”

“தங்கச்சிக்குக் கிறுக்குன்னு சொல்லுங்க.”

அது அவருக்குப் பிடித்துவிட்டது. சரி என்றார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் நானும் போனேன். நிலத்தின் ஓரத்தில், வாய்க்கால் பக்கமாக, தொடை கனத்தில் நாலைந்து கிளைகள் விட்ட ஒரு மரத்தை அண்ணன் காட்டினார். இலைகள் கரும்பச்சையாக இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. ஏணி வைத்து முதல் கிளையை அறுத்தார். அறுத்த முகத்தில் பால் பொட்டுப் பொட்டாகப் பூத்து வழிந்தது.

மற்ற ஆட்கள் தெரியாமல் மரத்தைச் சாய்த்துவிடக் கூடாதே என்று அடையாளத்துக்கு ஏதாவது கட்டச் சொன்னார் அண்ணன். காரில் துடைக்க வைத்திருந்த துணி ஒன்று இருந்தது. என்னுடைய பழைய சிவப்பு உள்பாவாடையிலிருந்து கிழித்தது. அதை நீளமாகக் கிழித்து மரத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கிளையின் நுனியில் ஒரு வில்லை அறுத்து, காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீர் கலந்து தடவினேன். பள்ளிக்கூடத்து அயோடின் இல்லை, மருந்துக்கடையில் வாங்கியதுதான். மாவுச்சத்து இருக்கும் இடத்தில் பழுப்பு அயோடின் கருநீலமாக மாறும். உருளைக்கிழங்குத் துண்டில் மாணவர்கள் செய்து பார்க்கும் சோதனை. அரை நிமிடத்தில் வில்லை முழுக்க மை கொட்டினாற்போல் கறுத்தது. வெட்டப்போகிற மரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, அது அடுத்த தளிருக்காக இத்தனையைச் சேர்த்து வைத்திருந்தது.

விதை என்பது விரல் நுனி அளவு மரக்குச்சிகள். காளானின் வெள்ளை இழைகள் அவற்றில் ஏற்கனவே படர்ந்திருக்கும். சீன அம்மாவிடம் ஒரு பை வாங்கி, தோசை மாவுக்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன். கட்டையில் துளை போட்டு, குச்சியை அடித்து இறக்கி, மெழுகை உருக்கி மேலே பூச வேண்டும். அண்ணன் டிரில்லோடு வந்தார். வெட்டிச் சில நாள்தான் ஆகியிருந்ததால் துளை போடப் போட உள்ளேயிருந்து பால் கசிந்தது. அடித்து இறக்கிய குச்சிகள் சிலவற்றை அந்தப் பாலே மெதுவாக வெளியே தள்ளியது.

“ஒம்மரம் வேணாங்குது” என்றார் அண்ணன். இரண்டு வாரம் பொறுத்து மறுபடியும் போட்டோம்.

தைப்பூசம் முடிந்து இரண்டாவது ஞாயிறு அண்ணன் இரண்டாவது கிளையைக் கொண்டுவந்தார். மரம் முழு மொட்டையாக இருந்ததாம். இந்த முறை பால் மிகக் குறைவு. அயோடின் போட்டதும் கறுத்தது. முதல் வில்லையைவிடக் கொஞ்சம் வெளிறல்தான். பெரிய வித்தியாசம் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் நடுவில் அண்ணனின் அழைப்பு வந்தது.

“ஏ தங்கச்சி, நீ காளான் மொளைக்கத்தான சொன்ன? இங்க சாமி மொளச்சிருக்கு.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நீயே வந்து பாரு.”

மறுநாள் ஞாயிறு. போனேன். சுற்றிலும் இருந்த மரங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கண்ணுக்கு எட்டிய வரை செம்மண்ணும், இழுத்துக் குவித்த வேர்க்கட்டைகளும்தான். அதற்கு நடுவில், இரண்டு கிளை இழந்த ஒற்றை மரம். செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. என் உள்பாவாடைத் துணிக்கு மேலே யாரோ மஞ்சள் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அடியில் மூன்று எலுமிச்சம்பழம், எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகள், ஒரு சின்ன மண்சட்டி. அண்ணன் தூரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிற இளைஞர் சிரிக்கவில்லை. சித்தியவான்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த மரத்தைத் தள்ளச் சொல்லி மூன்று நாளாகிவிட்டதாம். அவர் மாட்டேன் என்கிறாராம். மரத்தில் கை வைக்கக் கூடாது என்று அண்ணனையும் நிறுத்தி வைத்திருந்தார்.

நான் நேராக அவரிடம் போனேன். முகம் சூடாக இருந்தது.

“தம்பி, அந்தச் செவப்புத் துணிய நான்தான் கட்டுனேன். அடையாளத்துக்கு. அதுல சாமி ஒண்ணும் இல்லப்பா. காளான் வளக்கறதுக்கு.”

“தெரியும்க்கா” என்றார். “அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் வெச்சிருந்தாங்க. அன்னைக்குக் காலைல எனக்கு லீவு கிடைக்கல. இங்க வேலைல நிக்கறேன். மனசு ஒரு நெலயில இல்ல. கும்புடலாம்னு பாத்தா சுத்தி ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணு. இந்த மரம் ஒண்ணுதான் துணியக் கட்டிட்டு நிக்குது. கும்புட்டேன். ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சு. இப்ப நானே மிஷினக் கொண்டாந்து எப்படிக்கா தள்ளுறது?”

அந்தத் துணி எதிலிருந்து கிழித்தது என்பதை நான் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லியிருக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி.

“நல்லா பாக்குறாங்களா இப்ப?” என்று கேட்டேன்.

“டிவில ஓடுற எழுத்தெல்லாம் படிக்கறாங்க. ஒரே தொல்ல.” அப்போதுதான் சிரித்தார்.

எனக்கு மூன்றாவது கிளை வேண்டும். அதைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது, கேட்காமல் திரும்பிப் போகவும் முடியவில்லை. தளிர் நிறம் மாறிப் பச்சையாகிவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அந்த மரமோ அடுத்த வருடம் இருக்காது. கேட்டேவிட்டேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “கிளைதான? பரவால்ல. ஒரு சூடம் காட்டிட்டு எடுத்துக்குங்க” என்றார். சூடத்தை அவரே கொளுத்தினார். அண்ணன் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

கிளை விழுந்ததுமே அண்ணன் குனிந்து தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தோல் ஈரமாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நகத்தால் நெம்பினால் பட்டையாக உரிந்து வந்தது.

“மத்த ரெண்டும் இப்படி இல்லியே” என்றார். அவர் குரலில் கேலி இல்லாதது அதுதான் முதல் தடவை. “ஒரே மரந்தான லா இது?”

வீட்டில் அயோடின் போட்டபோது இருவரும் சேர்ந்தே குனிந்து பார்த்தோம். வில்லை பழுப்பாகவே இருந்தது. நடுவில் மட்டும் மேகம்போல ஒரு சாம்பல் திட்டு. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிட்டது.

நிலத்தின் முதலாளி, அந்த மரம் வாய்க்கால் ஓரத்தில் இருப்பதால் பனை வரிசைக்கு இடைஞ்சல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டதாக ஒரு வாரம் கழித்து அண்ணன் சொன்னார். அங்கே வேலை முடிந்து கும்பல் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

விதை போட்டு முடித்த மூன்று கட்டைகளையும் குளியலறைச் சுவரை ஒட்டி, வெயில் படாத மூலையில் நிறுத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்க, சீன அம்மாவிடம் விதை போட்ட ஓக் கட்டை ஒன்றையும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் தண்ணீர் தெளிப்பது, மாலையில் வந்ததும் நுனிகளைப் பார்ப்பது. என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். “நீங்க அஞ்சு பேரும் பேசி முடிச்சா சொல்லு, நான் குளிக்கணும்” என்பார்.

அயோடினில் அதிகம் கறுத்த முதல் கட்டைதான் ஜெயிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். ஏப்ரலில் அதன் அடியில் மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தது. வண்டு துளைத்திருந்தது. மே மாதம் அதன் ஒரு பக்கம் பச்சைப் பூசணம் ஏறியது. அத்தனை சாப்பாட்டை வைத்துக்கொண்டிருந்தால் காளான் மட்டுமா வரும், ஊரே பந்திக்கு வந்துவிட்டது. மூன்றாவது கட்டையில் தோல் முழுக்கக் கழன்று விழுந்தது. ஜூலையில் அதில் நான் விதைக்காத ஏதோ ஒன்று, நகம் அளவு வெள்ளை விசிறிகளாக, வரிசை வரிசையாக முளைத்தது. மொட்டை மரத்திலிருந்து வந்த நடுக்கட்டை மட்டும் தோல் விரியாமல் நின்றது. ஆகஸ்டில் அதன் இரு நுனிகளிலும் பால் ஆடைபோல் காளானின் வெள்ளை இழை படர்ந்திருந்தது.

இதற்கிடையே, ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மறுபடி மலைக்குப் போனபோது வில்லைகளின் படங்களைச் சீன அம்மாவிடம் காட்டினேன். கடையில் ஆள் நிற்பதையும் மறந்து, போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கையோடு கொண்டுபோயிருந்த அயோடின் புட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து எனக்குப் படங்கள் வரத் தொடங்கின. அவர் தன் சரிவில் இருந்த நான்கு ஓக் மரங்களுக்கு எண் எழுதி அட்டை தொங்கவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விரல் தடிமனில் ஒரு கொப்பை வெட்டி அயோடின் தொட்டுப் படம் அனுப்பினார். முதல் மரம் கறுப்பு. இரண்டாவது வெளிறல். அடுத்த மாதம் முதல் மரம் திடீரென்று சிவந்த தளிர் விட்டது, அதன் கொப்பு வெளிறியது. மூன்றாவதோ ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மரங்கள். ஒரே மழை, ஒரே குளிர். எல்லாவற்றுக்கும் ஓய்வு காலம் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. வருடம் முழுக்கச் சரிவு பச்சையாகத் தெரிந்ததன் காரணம் அதுதான்.

நான் முதலில் கேட்ட கேள்வியை அவர் இப்போது மாற்றியிருந்தார். எந்த மாதம் என்று கேட்கவில்லை. எந்த மரம் என்று கேட்டார்.

செப்டம்பரில் நான்காவது மரத்தின் இலைகள் பழசாகி மங்கியிருந்தன. மொட்டுகள் அரிசிபோல் இறுகி மூடியிருந்தன. கொப்பு நல்ல கறுப்பு. வெட்டட்டுமா என்று செய்தி அனுப்பினார். பள்ளிக்கூடக் குழாய்களைக் கழுவுகிற நான், ஒருவருடைய பிழைப்புக்கான மரத்தை வெட்டச் சொல்வதா? ஒரு மரத்தில் மூன்று கட்டை வைத்துப் பார்த்தது எதையும் நிரூபிக்காது என்று எங்கள் ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதையே அவருக்கும் எழுதினேன். “பரவாயில்லை, இதுவரை இந்த அளவுகூடத் தெரியாமல்தானே வெட்டினேன்” என்று பதில் வந்தது.

அண்ணன்தான் போய் அறுத்துக் கொடுத்தார். காலையில் போனவர் மாலை ஆகியும் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று கூப்பிட்டேன்.

“மத்த மூணு மரத்தோட மொட்டயும் பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டாவது மரம் டிசம்பருக்கு ஆகும்போல.”

“மரம் மரந்தான்னீங்க?”

“வெக்கிறேன் போன” என்றார்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், நடுக்கட்டையை நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டேன். கட்டை குளிர்ந்தால்தான் காளான் எழும் என்று சீன அம்மா சொல்லியிருந்தார். ஈப்போவில் குளிருக்கு எங்கே போவது? என் கணவர் பாசாரில் மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி வந்தார். அதை உடைத்துப் போட்டு ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்து எடுத்து நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் தோலில் இரண்டு மூன்று இடங்களில் சின்ன வீக்கம். எட்டாம் நாள் ஐந்து காளான்கள். மலையில் பார்த்தவற்றைவிடச் சிறியவை, தொப்பி மெலிந்தவை. ஆனாலும் ஷிடாக்கேதான். முகர்ந்து பார்த்தேன். மழை நனைத்த மரத்தின் வாசனையும் பூண்டு மாதிரி ஏதோ ஒன்றும் கலந்து வந்தது.

மிளகும் வெங்காயமும் போட்டுப் பிரட்டினேன். சட்டியில் சுருங்கி ஒரு கை அளவுதான் ஆயிற்று. அண்ணனைக் கூப்பிட்டேன். சோற்றோடு பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“எப்படி இருக்கு?”

“எறச்சி மாதிரி இருக்கு லா” என்று மறுபடி கையை நீட்டினார். சட்டியில் மிச்சம் இல்லை.

மூன்றாவது கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். முதல் கட்டை பச்சைப் பூசணத்தோடு இன்னும் மூலையில் நிற்கிறது. அது என்ன செய்கிறது என்று பார்ப்பதில் எனக்கு அலுப்பு வரவில்லை. மலையிலிருந்து விலை கொடுத்து வாங்கி வந்த ஓக் கட்டையைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அதே மாதிரி ஐஸ் தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்தும் ஒரு காளான்கூட வரவில்லை. தோல் நன்றாக இருக்கிறது, நுனியில் வெள்ளையும் இருக்கிறது. சீன அம்மாவிடம் கேட்டால் உங்கள் ஊர் வெயில் என்கிறார். அண்ணனைக் கேட்டால் வெட்டிய நேரம் சரியில்லை என்கிறார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று அதைத் திருப்பிப் போட்டு, நோட்டில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.